கடல் சூழ்ந்த நாட்டில் அறுவை மருத்துவம்

அந்தமான் தீவுகளின் தலைநகராகிய போர்ட் பிளேரில், கடலை நோக்கிய ஒரு மேட்டின்மீது செல்லுலர் சிறை நிற்கிறது. ஏழு கிளைகளாகப் பரந்து 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிந்த அச்சிறையில் இன்று எஞ்சியவை மூன்றே. அதன் வளாகத்திலேயே 1963-ஆம் ஆண்டில் கோவிந்த வல்லப பந்த் பெயர் தாங்கிய மருத்துவமனை எழுந்தது. தீவுகள் அனைத்துக்கும் தலைமை மருத்துவமனை அதுவே. 2024 செப்டம்பரில் அரசு இந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியது. நேயர்கள் நெடுநாள் பழகிய பெயரையே இவ்வுரையில் ஆள்கிறோம்.

1933-ஆம் ஆண்டு மே மாதத்தில் இச்சிறையில் உண்ணாநோன்பு இருந்த அரசியல் கைதிகளுக்கு மூக்கின் வழியே குழாய் செலுத்தி வலிந்து பால் புகட்டினர். பால் நுரையீரலுக்குள் புகுந்து மகாவீர் சிங் உயிர் துறந்தார். மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய இருவரும் அவரைத் தொடர்ந்து மாண்டனர். அதே மேட்டில், அதே போன்றதொரு குழாய், குடல் அடைபட்டு வயிறு உப்பிய நோயாளியின் உயிரைக் காக்கும் முதற் கருவியாக இன்று பயன்படுகிறது. கருவி நல்லதோ தீயதோ அன்று. அதனை ஏந்தும் கையும், ஏந்தும் நோக்கமுமே வேறு. இதனை இங்கு நினைத்துக்கொண்டு மேலே செல்கிறோம்.

தீவுக் கூட்டம் வடக்கே லேண்ட்பால் தீவு முதல் தெற்கே இந்திரா முனை வரை எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. தீவுகளும் பாறைத் திட்டுகளுமாக எண்ணூறுக்கு மேற்பட்டவற்றுள் மக்கள் வாழ்பவை ஏறத்தாழ முப்பதே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 3,80,581. அவர்களுள் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். துறைமுகத்திலும் கடைவீதியிலும் அரசு அலுவலகங்களிலும் தமிழ் ஒலிக்கிறது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களும் உண்டு. சென்னை கடல் வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவு. கப்பலில் மூன்று நாள், விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

உலகெங்கும் அறுவை மருத்துவம் யாருக்கு எட்டுகிறது, யாருக்கு எட்டவில்லை என்பதை ஆராய்ந்த அறிஞர் குழு ஒன்று 2015-ஆம் ஆண்டில் லான்செட் இதழின் சார்பில் தன் அறிக்கையை வெளியிட்டது. பாதுகாப்பான அறுவைச் சிகிச்சையைத் தக்க காலத்தில், தாங்கத்தக்க செலவில் பெற இயலாதோர் உலகில் 500 கோடிப் பேர் என்று அது கணித்தது. மூன்று காரியங்கள் எவ்விடத்தில் நடைபெறுகின்றனவோ, அவ்விடத்தில் பிற அறுவைகளும் நடைபெறும் என்பது அக்குழுவின் அளவுகோல். வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தல், வயிற்றைத் திறந்து உள்ளுறுப்பைச் செப்பனிடுதல், எலும்பு வெளியே தெரியும்படி முறிந்த காலைச் சீராக்குதல் ஆகியவையே அம்மூன்று. இவை கிடைக்கும் இடத்தை எவரும் இரண்டு மணி நேரத்துக்குள் அடைய இயல வேண்டும் என்றும் அக்குழு வரையறுத்தது. இந்த இரண்டு மணி நேரம் என்னும் அளவைத் தீவுகளில் வைத்துப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். சிற்றந்தமானின் ஹட் பே துறையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல் வந்து சேரப் பாதி நாள் ஆகிறது. பெரிய நிக்கோபாரின் கேம்பல் பே ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. பருவக்காற்று எழுந்துவிட்டால் எந்த அட்டவணையும் செல்லாது.

ஆகவே, பொது அறுவை மருத்துவத்தில் அண்மைக் காலத்தில் தோன்றிய மாறுதல்களை இத்தீவுகளை முன்னிறுத்திக் காண்பது பயனுள்ளது எனக் கருதுகிறோம். பெருநகரத்து மருத்துவமனையில் புதுமையாக விளங்குவது ஒன்று. கடலுக்கு அப்பால் ஒற்றை மருத்துவர் நிற்கும் இடத்தில் உயிர் காப்பது மற்றொன்று. சில வேளைகளில் இரண்டும் ஒன்றாகின்றன. பல வேளைகளில் ஆவதில்லை.

நம் பெரியோர் இக்கலையை ரண சிகிச்சை என்றனர். 1963-இல் இம்மருத்துவமனை எழுந்த நாளில் தென்னாட்டு ரண வைத்தியர் அடிக்கடி செய்துவந்த பெரிய அறுவைகளுள் ஒன்று வயிற்றுப்புண்ணுக்கானது. முன்சிறுகுடலில் புண் தோன்றி, ஆறி, மீண்டும் தோன்றி, இறுதியில் இரைப்பையின் வாயிலே சுருங்கிப்போகும் கொடிய நிலை தென்னிந்தியாவில் மிகுதி. எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி 1922-லும் 1924-லும் ஏறிய ஆங்கிலேயர் குழுக்களில் இருந்த ஹோவர்ட் சாமர்வெல் என்னும் மருத்துவர், மலையேற்றப் புகழை விடுத்து, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் மிஷன் மருத்துவமனையில் பல்லாண்டு தங்கினார். அங்கு அவர் இடையறாது கண்ட நோய்களுள் தலையாயது இவ்வயிற்றுப்புண்ணே. அமிலச் சுரப்பைத் தூண்டும் நரம்பை வெட்டுவதும், இரைப்பையைச் சிறுகுடலோடு புதுவழியில் இணைப்பதுமே பின்னர் நெடுங்காலம் மருத்துவர்கள் கையாண்ட வழி.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன், பேரி மார்ஷல் ஆகிய இருவர் 1980-களின் தொடக்கத்தில், இப்புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையும் அல்ல, இரைப்பையில் குடியிருக்கும் சுருள் வடிவக் கிருமியே எனக் கூறினர். கேட்டவர் நகைத்தனர். 1984-இல் மார்ஷல் அக்கிருமி வளர்த்த நீரைத் தாமே குடித்து, தம் வயிற்றில் அழற்சி உண்டாக்கிக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அமிலத்தை அடக்கும் மருந்தும், கிருமியைக் கொல்லும் மருந்தும் சேர்ந்து இரண்டு வாரங்களில் செய்யும் காரியத்துக்காக ஒரு காலத்தில் வயிற்றையே திறந்தோம் என்பதை இன்றைய மாணவர் நம்ப மறுக்கின்றனர். ஒரு தலைமுறை கற்றுத் தேர்ந்த கைத்திறன் அடுத்த தலைமுறைக்குத் தேவையற்றுப் போயிற்று. இது அறுவை மருத்துவத்தின் தோல்வியன்று. கத்தி செய்த வேலையை மாத்திரை ஏற்றுக்கொண்டால் அதனினும் மேலான முன்னேற்றம் வேறு எது? புண் ஓட்டையாகி உணவும் அமிலமும் வயிற்றறைக்குள் சிந்திவிட்டால் மட்டும் இன்றும் அறுவை தேவை. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி வெறுவயிற்றில் நாள்தோறும் விழுங்குவோருக்கு இவ்வோட்டை விழும் ஆபத்து மிகுதி என்பதைத் தோட்டத்திலும் துறைமுகத்திலும் சுமை தூக்கும் நம் மக்கள் அறிந்திருத்தல் நலம்.

அடுத்து, குடல்வால் அழற்சி. தீவுகளைப் பொறுத்தவரை இதனை விரிவாகவே பேச வேண்டும்.

தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கும் வலி சில மணி நேரத்தில் வலப்புற அடிவயிற்றில் வந்து நிலைகொள்ளும், பசி அற்றுப்போகும், குமட்டும், இருமினாலும் நடந்தாலும் வலி குத்தும். பெரும்பாலும் இளைஞர்க்கே வரும். தாமதித்தால் குடல்வால் அழுகி வெடித்து, சீழ் வயிறெங்கும் பரவும். இந்நோய்க்கு நூறாண்டுக்கு மேலாக ஒரே விடை, வெட்டி எடுத்துவிடு என்பதே. அவ்விடையின் ஆட்சி எவ்வளவு வலுவாக இருந்தது என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் சான்று. 1942 செப்டம்பரில், கடலடியில் மறைந்து சென்றுகொண்டிருந்த ‘சீட்ராகன்’ என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலில், மருத்துவர் எவரும் இல்லாத நிலையில், மருந்தாளுநராகிய வீலர் லைப்ஸ் என்னும் இளைஞர் உணவு மேசையின்மீது ஒரு மாலுமியைக் கிடத்தி, வளைத்த கரண்டிகளால் வயிற்றுச் சுவரை விலக்கிப் பிடித்து, குடல்வாலை அகற்றினார். 1961 ஏப்ரலில் அண்டார்க்டிகாவில் சோவியத் ஆய்வுக் குழுவின் ஒரே மருத்துவரான லியோனித் ரோகசோவ், கண்ணாடியில் பார்த்தவாறு தம் வயிற்றைத் தாமே கீறித் தம் குடல்வாலை எடுத்தார். இருவரும் பிழைக்க வைத்தனர். ஆனால் இத்தகைய துணிவை நம்பி ஒரு மக்கள் கூட்டத்தின் மருத்துவத்தை அமைத்துவிட முடியாது.

பிற்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களில் கத்தியை நாடாமல் கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்து, கரை சேரும்வரை காத்திருக்கும் பழக்கம் வளர்ந்தது. பெரும்பாலோர் அதனாலேயே தேறினர். இவ்வனுபவத்தை நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. 2015-இல் பின்லாந்து நாட்டு மருத்துவர்கள், வெடிக்காத, சிக்கலற்ற குடல்வால் அழற்சி கொண்ட 530 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அறுவையும் மற்றொரு பிரிவினருக்கு மருந்து மட்டுமே கொடுத்தும் பெற்ற முடிவை வெளியிட்டனர். மருந்து மட்டும் பெற்றவர்களுள் ஓராண்டுக்குள் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அறுவை தேவைப்பட்டது. ஐந்து ஆண்டு முடிவில் அது பத்தில் நால்வராயிற்று. எஞ்சிய அறுவர் கத்தியே படாமல் தப்பினர். 2020-இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வும் ஏறத்தாழ இவ்வாறே கூறிற்று. குடல்வாலுக்குள் கெட்டியான மலக்கல் அடைத்திருப்போருக்கு மருந்து தோற்கும் வாய்ப்பு மிகுதி என்பதையும் அது காட்டிற்று.

இதனைக் கேட்டு, இனிக் குடல்வாலுக்கு அறுவையே வேண்டாம் என்று எவரேனும் கருதினால் அது பெரும் பிழை. சிக்கலற்ற அழற்சி எது, வெடிக்கும் தறுவாயில் உள்ளது எது என்று பிரித்தறிய ஸ்கான் படம் வேண்டும். அனுபவமுள்ள கை வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் பொறுமை வேண்டும். சென்னையில் வாழ்பவனுக்கு அறுவையே எளிய வழியாக இருக்கலாம். அரை மணியில் தியேட்டரை அடையலாம், மூன்றாம் நாள் வீடு திரும்பலாம். புயல் வீசும் இரவில், கடலுக்கு அப்பால் ஒரு சிற்றூரின் சுகாதார நிலையத்தில் வலியோடு வரும் பையனுக்கோ, ஊசி மூலம் செலுத்தும் மருந்தே உயிருக்கும் விடியலுக்கும் இடையே உள்ள பாலம். முன்பு, அனுப்ப முடியவில்லையே என்று கைபிசைந்து செய்த வேலையை இன்று மருத்துவர் ஆராய்ச்சியின் துணையோடு, இன்ன அளவு மருந்து, இத்தனை மணி நேரக் காத்திருப்பு, இன்ன குறி தோன்றினால் உடனே அனுப்புதல் என்று வகுத்துச் செய்ய இயல்கிறது. மாறுதல் சிறிதாகத் தோன்றும். தீவில் அது சிறிதன்று.

இங்கு ஒரு வேண்டுகோள். வயிற்றுவலி என்றவுடன் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் அற்றுப்போகவில்லை. அழற்சி கொண்ட குடல்வாலோடு பேதி மருந்து சேர்ந்தால் வெடிப்பு விரைவு படும். ஆறு மணி நேரம் விடாத வயிற்றுவலிக்கு அஞ்சறைப் பெட்டியில் மருந்து தேடலாகாது.

இனி, விபத்துகள். தென்னையிலிருந்தும் பாக்கு மரத்திலிருந்தும் விழுவோர், மலைப்பாங்கான சாலையில் வண்டி கவிழ்ந்து சிக்குவோர், ஓடையில் உவர்நீர் முதலையின் வாயில் அகப்படுவோர் ஆகியோர் தீவுகளில் உண்டு. முன்னர், மண்ணீரல் கிழிந்து இரத்தம் கசிந்தால் அதனை எடுத்துவிடுவதே முறை. மண்ணீரல் அற்றவரைச் சில கிருமிகள் வாழ்நாள் முழுவதும் எளிதில் தாக்கும் என்பது தெரிந்த பின்னர், நாடியும் இரத்த அழுத்தமும் நிலைத்திருக்கும் நோயாளியைப் படுக்கையில் வைத்துக் காவல் காத்து, உறுப்பைத் தக்க வைத்தலே முதல் முயற்சி ஆயிற்று. படுக்கையருகிலேயே ஒலியலைக் கருவியால் வயிற்றில் இரத்தம் தேங்கியிருக்கிறதா என்று இரண்டே நிமிடத்தில் பார்க்கிறார்கள்.

இரத்தம் கொட்டுகிறது, காத்திருக்க இயலாது என்னும் நிலையிலும் எண்ணம் மாறிவிட்டது. பழைய பாடம், ஒரே அமர்வில் எல்லாவற்றையும் செப்பனிட்டு வயிற்றை மூடு என்பது. நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் நீளும் அவ்வறுவையில் நோயாளியின் உடல் குளிர்ந்து, இரத்தத்தில் அமிலம் ஏறி, இரத்தம் உறையும் திறனை இழந்து, தையல்கள் அனைத்தும் சரியாக இருந்தும் உயிர் போய்விடும். 1993-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து மருத்துவர்கள் இதற்கு மாற்று ஒன்றுக்குப் பெயரிட்டனர். அப்பெயரைக் கடற்படையிலிருந்தே எடுத்தனர். போரில் அடிபட்ட கப்பலை நடுக்கடலில் முழுவதும் செப்பனிட எவரும் முனைவதில்லை. ஓட்டையை அடைத்து, தீயை அணைத்து, மிதக்கவைத்துத் துறைமுகம் சேர்ப்பர். அவ்வாறே, கிழிந்த கல்லீரலைச் சுற்றித் துணிகளைத் திணித்து அழுத்தி, கிழிந்த குடலின் இரு முனைகளையும் கட்டி, வயிற்றைத் தற்காலிகமாக மூடி, ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். உடலைச் சூடேற்றி, இரத்தம் ஏற்றி, ஓரிரு நாளுக்குப் பின் மீண்டும் திறந்து மீதி வேலையைச் செய்ய வேண்டும். இரண்டாவது அறுவை வேறோர் ஊரில், வேறொருவர் கையால் நடைபெறலாம். தீவுகளுக்காகவே வகுத்த முறை போல இது தோன்றவில்லையா? தொலைவில் உள்ள ஓர் அறுவை மருத்துவர் முழுவித்தையும் காட்ட வேண்டியதில்லை. இரத்தத்தை நிறுத்தினால் போதும், மற்றதைத் தலைநகரம் பார்த்துக்கொள்ளும். தன் எல்லையை அறிந்து நிறுத்துவதை ஒரு குறையாகக் கருதிய காலம் போய், அதுவே தேர்ச்சியின் அடையாளமாயிற்று.

காயங்களைத் தைப்பதிலும் இதே பொறுமை வேண்டும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நிக்கோபார்த் தீவுகளைச் சூறையாடியது. இந்துமாக்கடலின் கரைகளில் அன்று சேறும் மணலும் கடல்நீரும் புகுந்த காயங்களைப் பரபரப்பில் உடனே தைத்து மூடிய இடங்களில், அவற்றுள் பல சீழ்பிடித்து மீண்டும் திறக்க நேர்ந்தது. அழுக்கடைந்த காயத்தை நன்கு கழுவி, செத்த சதையை நீக்கி, திறந்தபடியே கட்டி, நான்கைந்து நாள் கழித்துத் தைத்தல் போர்க்களங்கள் கற்பித்த பழம்பாடம். புதியதை மட்டுமன்றி மறந்ததையும் மீட்டுக் கற்பது முன்னேற்றத்தில் அடங்கும்.

குடலிறக்கத்தின் கதை வேறு வகையானது, சற்று வேடிக்கையானதும்கூட. தளர்ந்த வயிற்றுச் சுவரை முன்பு இழுத்துப் பிடித்துத் தைத்தனர். இழுவிசையால் தையல் அறுந்து, இறக்கம் மீண்டும் வரும். 1980-களில் லிச்டென்ஸ்டைன் என்னும் அமெரிக்கர், இழுக்காமல், செயற்கை வலையொன்றை ஒட்டுப் போடுவது போல் வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பினார். பலன் நன்று, வலையின் விலை ஏழைக்கு எட்டாதது. மகாராஷ்டிரத்தில் தொண்டாயிச்சா என்னும் சிற்றூரில் பணிபுரிந்த டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், கொசுவலைத் துணியும் அதே போன்ற செயற்கை இழைதானே என்று எண்ணினார். அதனை வெட்டி, முறைப்படி கிருமி நீக்கிப் பயன்படுத்தினார். அவரும் அவரைப் பின்பற்றிய மருத்துவர்களும் 359 குடலிறக்கங்களில் கண்ட பலனை 2003-இல் வெளியிட்டனர். படித்த சிலர் முகம் சுளித்தனர். 2016-இல் உகாண்டா நாட்டில் முறையான ஒப்பீட்டு ஆய்வு நடத்திய ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள், மலிவான வலைக்கும் விலையுயர்ந்த வலைக்கும் பலனில் வேறுபாடு இல்லை எனக் கண்டனர். கட்டிலின்மேல் தொங்கும் வலையைக் கத்தரித்து யாரும் மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டா. துணியைத் தேர்வதும் கிருமி நீக்குவதும் அவர்கள் வேலை. நாம் இங்குக் குறிப்பது, சிற்றூர் மருத்துவரின் தேவையிலிருந்து எழுந்த ஓர் எண்ணம் உலகத்தின் பாடமாயிற்று என்பதை.

துளையிட்டுக் கருவி செலுத்தும் லாப்ராஸ்கோப்பி முறையைப் பற்றி நேயர்கள் நிறையக் கேள்விப்பட்டிருப்பர். ஜெர்மனியில் எரிக் மியூஹே 1985-இல் இம்முறையில் பித்தப்பையை அகற்றினார். 1990-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா இந்தியாவில் அதனைச் செய்தார். கோயம்புத்தூரில் டாக்டர் சி. பழனிவேலு இக்கலையை வளர்த்து, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு நோயாளியைக் குப்புறக் கிடத்தி மார்பின் வழியே செய்யும் முறையை 2006-இல் 130 பேரின் அனுபவத்தோடு வெளியிட்டு உலகத்தின் கவனத்தை ஈர்த்தார். இளமையில் மலேசியத் தோட்டத்தில் கூலி வேலை செய்து, தாயகம் திரும்பிப் படித்து மருத்துவரானவர் அவர் என்பதை, வேற்றிடம் சென்று உழைக்கும் தமிழர்க்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இம்முறையால் வடு சிறிது, வலி சிறிது, வேலைக்குத் திரும்பும் நாள் விரைவு. தினக்கூலி பெறுபவனுக்கு இக்கடைசி நன்மையே முதல் நன்மை. ஆனால் வயிற்றைக் கரியமில வாயுவால் ஊதிப் பெருக்க வேண்டியிருப்பதால், முழு மயக்கமும், அதனைக் கொடுக்கும் நிபுணரும், வாயு உருளைகளும் தேவை. இவை கிடைக்காத சிற்றூர்களுக்காக, வயிற்றுச் சுவரை உள்ளிருந்து ஒரு வளையத்தால் தூக்கிப் பிடித்து, வாயுவே இன்றி, முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்து அறுவை செய்யும் முறையை இந்தியக் கிராம அறுவை மருத்துவர்கள் வளர்த்து வருகிறார்கள். நம் கருத்தில், விளம்பரம் பெறாத இம்முறையே தொலைத் தீவுகளுக்கு ஏற்றது.

அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளியை நடத்தும் விதம் இன்னும் ஆழமாக மாறியிருக்கிறது. முதல் நாள் நள்ளிரவு முதல் துளி நீரும் கூடாது என்பது பழைய கட்டளை. டென்மார்க் நாட்டு ஹென்ரிக் கெலெட் என்னும் மருத்துவர் 1990-களில் இத்தகைய கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இதற்குச் சான்று என்ன என்று கேட்டார். பலவற்றுக்குச் சான்று இல்லை. இன்று, மயக்கம் கொடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தெளிந்த நீரைப் பருக விடுகிறார்கள். அறுவை முடிந்த அன்றே எழுந்து உட்காரவும், மறுநாள் நடக்கவும், விரைவில் உண்ணவும் தூண்டுகிறார்கள். நம் வீட்டுப் பத்தியம் இதற்கு நேர் எதிர். மீன் தின்றால் சீழ் வைக்கும், முட்டை தின்றால் தையல் பிரியும், பருப்பு வாயு என்று விலக்கி, வெறும் கஞ்சியும் ரொட்டியும் கொடுத்து நோயாளியைப் பட்டினி போடுகிறோம். புண் ஆறப் புரதம் வேண்டும். கடல் நிறைய மீன் துள்ளும் தீவில் இருந்துகொண்டு, மருத்துவர் தடுக்காத மீனை நாமே தடுப்பது எவ்வகை நியாயம்?

கருவி எதுவும் தேவைப்படாத முன்னேற்றம் ஒன்றும் உண்டு. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் பத்தொன்பது வினாக்கள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டது. மயக்கம் கொடுப்பதற்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறுவதற்கு முன் என மூன்று வேளைகளில் அதனை உரக்கப் படிக்க வேண்டும். இவர் யார், எந்தப் பக்கம், எந்த மருந்து ஒவ்வாது, கிருமிக்கொல்லி கொடுத்தாயிற்றா, துணிகள் எண்ணிக்கை சரியா? அவ்வளவே. புதுடில்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது, அறுவைக்குப் பின் இறப்போர் நூற்றுக்கு ஒன்றரை என்பதிலிருந்து முக்காலுக்குச் சற்று மேலாகக் குறைந்தனர் என்று 2009-இல் முடிவு வெளிவந்தது.

தீவுகளுக்கே உரிய வினா, நோயாளியைக் கொண்டு செல்வதா, அறிவைக் கொண்டு வருவதா என்பது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் முன்னே சிலையாக நிற்கும் டாக்டர் ரங்காச்சாரி, 1934-இல் மறைந்தவர், தொலைவிலுள்ள நோயாளிகளிடம் செல்லச் சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருந்தார் என்பர். இன்று தீவுகளுக்கிடையே ஹெலிகாப்டரும், கடலோரக் காவல் படை, கடற்படை, விமானப் படை ஆகியவற்றின் விமானங்களும் நோயாளிகளைச் சுமந்து செல்கின்றன. அறிவு பயணம் செய்ய வேறு வழி உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியாகப் போர்ட் பிளேர் மருத்துவமனை சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையோடு இணைக்கப்பட்டது. 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கண்ணாடி இழைக் கம்பி திறந்துவைக்கப்பட்டது. ஹட் பே, கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார், ரங்கத் முதலிய இடங்கள் அதனால் இணைந்தன. ஸ்கான் படம் இனி ஆளுக்கு முன்னரே கடலைக் கடக்கும்.

இதைக் கேட்டவுடன், இயந்திர மனிதன் சென்னையிலிருந்தே கேம்பல் பேயில் அறுவை செய்துவிடுமே என்று சிலர் பேசுகின்றனர். 2001 செப்டம்பரில் பிரெஞ்சு மருத்துவர் ழாக் மரெஸ்கோ நியூயார்க்கில் அமர்ந்து, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் கிடந்த பெண்மணியின் பித்தப்பையை இயந்திரக் கைகளால் அகற்றியது உண்மை. ஆயினும் அந்த மேசையருகே மயக்க நிபுணரும், கம்பி அறுந்தால் கையில் எடுத்துக்கொள்ள ஓர் அறுவை மருத்துவர் குழுவும் நின்றன. அவர்கள் இருக்கும் ஊருக்கு இயந்திரம் எதற்கு? முதலில் வேண்டுவது மயக்கம் கொடுக்க ஒருவர், தியேட்டரில் பழகிய செவிலியர், குளிர்பெட்டியில் இரத்தம், தடைபடாத மின்சாரம், வளாகத்திலேயே குடியிருப்பு. 2015-இல் தொடங்கிய அந்தமான் நிக்கோபார் மருத்துவக் கல்லூரி, தீவுப் பிள்ளைகளைத் தீவிலேயே மருத்துவராக்கி வருகிறது. அவர்களுள் சிலர் அறுவை மருத்துவமும் மயக்கவியலும் கற்றுத் திரும்புவரானால், அது எந்த இயந்திரத்தினும் விரைந்து பயன் தரும்.

இறுதியாக, சென்னைக்கோ வேலூருக்கோ கோவைக்கோ சென்று அறுவை செய்துகொண்டு தீவு திரும்புவோர்க்குச் சில சொற்கள். எந்த அறுவை, எந்த நாள், எந்த மருந்து ஒவ்வாது என்று எழுதிய சுருக்கத் தாளையும் ஸ்கான் படங்களையும் கையோடு வைத்திருங்கள். கப்பற் சரக்கில் போடாதீர்கள். விமானம் உயரே செல்லும்போது வயிற்றுக்குள் தங்கிய வாயு விரியும். ஆதலின், துளையிட்டுச் செய்த எளிய அறுவைக்குப் பின் நான்கைந்து நாளும், வயிற்றைத் திறந்து செய்த பெரிய அறுவைக்குப் பின் பத்து நாளேனும் விமானம் ஏறாமல் இருப்பது பொதுவான வழக்கம். உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவானது. விமானத்தினுள்ளும் இடையிடையே எழுந்து நடக்க வேண்டும். கால் நரம்பில் இரத்தம் உறைவது அதனால் தடைபடும். கப்பலில் திரும்புவோர் மூன்று நாளுக்கு நடுக்கடலில் இருப்பர் என்பதை நினைத்து, காய்ச்சல், வாந்தி, தையலில் நீர்க்கசிவு ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தால் அடுத்த கப்பலுக்குச் சீட்டை மாற்றிக்கொள்ள வேண்டும்.